வேலை முடிந்த பிறகு வைத்தியமும் காப்புறுதியும்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவருக்கு ஒரு வழிகாட்டி

வேலையை விடும்போது, அல்லது வேலை நம்மை விடும்போது, முதலில் வரும் பயங்களில் ஒன்று வருத்தம் வந்தால் என்ன செய்வது என்பது. சுவிஸிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் “காப்புறுதி அட்டை இருக்கா?” என்று கேட்கும்போது அந்தப் பயம் இன்னும் கூடும். அவர்கள் கேட்பது அவர்கள் வாழும் நாட்டுக்குச் சரி. சுவிஸில் வசிக்கிற ஒவ்வொருவரும் கட்டாயமாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஜேர்மனியில் பெரும்பாலானோரின் காப்புறுதிக் கட்டணம் சம்பளத்தில் இருந்தே கழிகிறது. இலங்கையில் அப்படியொரு தேசியக் காப்புறுதி கிடையாது. அரச வைத்தியசாலைகள் வரிப்பணத்தில் நடக்கின்றன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் வாட்டில் அனுமதிக்கும்போது நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே இரண்டு விடயங்களை மனதில் வேறாக வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியம் பெறும் உரிமை இந்த நாட்டில் வசிப்பதால் வருகிறது; அது வேலையோடு போகாது. காப்புறுதி என்பது அந்த வைத்தியத்தைச் சுற்றி ஏற்படும் செலவுக்கான காசு. வேலையோடு போவது இந்தக் காசுதான், அதிலும் ஒரு பகுதியைத் தக்கவைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்குரிய கடதாசிகளை வேலையில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலை போன பிறகு தேடினால் பாதி கிடைக்காது.

இலவசம் எதுவரை

சாதாரண வருத்தத்துக்கு அருகில் உள்ள பிரதேச வைத்தியசாலையின் அல்லது ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு போதும். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரம் முழுவதும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. கல்முனையில் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை என இரண்டு இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுகாதார நிர்வாகத்தில் இந்த ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு பிராந்தியங்கள், கல்முனையும் அம்பாறையும். காரைதீவிலோ திருக்கோவிலிலோ இருப்பவருடைய விடயத்தைப் பார்ப்பது கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை. கடிதத்தோடு அம்பாறை நகருக்குப் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

நீண்டகால வருத்தங்களுக்கு, அதாவது சீனி, பிரஷர், இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா போன்றவற்றுக்கு, உங்கள் கையில் இருக்கும் மிகப் பெறுமதியான ஆவணம் கிளினிக் கொப்பி. காப்புறுதி அட்டையைவிட இதைத்தான் பத்திரப்படுத்த வேண்டும். எந்த மருந்து, எந்த அளவு, கடைசி இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். தொலைந்தால் வைத்தியர் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டி வரும். மாதம் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளத்தில் அலுமாரியே நனைகிற ஊர் நம்முடையது.

கட்டுநாயக்கவிலோ கொழும்பிலோ வேலை செய்து, அங்கேயே கிளினிக் போய்வந்து, இப்போது ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்குப்படுகிறார்கள். பை கட்டுவதற்கு முன் கடைசிக் கிளினிக் நாளில் வைத்தியரிடம் ஊரில் உள்ள வைத்தியசாலைக்கு மாற்றல் கடிதம் கேளுங்கள். அதில் நோயின் பெயர், தொடங்கிய வருடம், இப்போதைய மருந்துகள், கடைசிப் பரிசோதனை முடிவுகள் இருக்க வேண்டும். ஒரு மாத மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடிதம் இருந்தால் விசேட கிளினிக்கில் நேரே பதிவு செய்ய முடியும். இல்லாவிட்டால் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து துண்டு வாங்கி, திகதிக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மருந்து முடிந்து பிரஷர் ஏறுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது எங்கள் மாகாணத்திலும் ஓடுகிறது, கட்டணம் இல்லை. அது அரச வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோகும். தனியார் வைத்தியசாலைக்குப் போகச் சொல்லிச் சாரதியோடு வாதாடி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

வேலையிடத்தில் வருடாந்தப் பரிசோதனை கிடைத்துவந்தவர்கள் அது நின்றதும் பரிசோதனையையே மறந்துவிடுகிறார்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், உடல் நிறை எல்லாவற்றையும் செலவின்றிப் பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கு 35, 45 வயதுகளில் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. இவை எங்கே, எந்தக் கிழமையில் நடக்கின்றன என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல மாதுவிடமோ கேளுங்கள்.

காசு கரைவது இலவச வைத்தியத்தின் ஓரங்களில். மருந்தகத்தில் இருப்பு இல்லாத மருந்தை “வெளியில எடுங்க” என்று துண்டில் எழுதித் தருவார்கள். சில பரிசோதனைகளும் ஸ்கான்களும் காத்திருப்புப் பட்டியலில் நீளும். அவசரம் என்றால் தனியாரிடம் போக வேண்டும். சத்திரசிகிச்சையில் பொருத்தும் சில பொருட்களை நோயாளியே வாங்கிக் கொடுக்க வேண்டிய நேரமும் வரும். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். நோயாளியோடு நிற்பவரின் பஸ் செலவு, சாப்பாடு, இழந்த நாட்கூலி எல்லாம் சேர்ந்துவிடும். வெளித்துண்டு தரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இது வேறு அரச வைத்தியசாலையில் கிடைக்குமா, எத்தனை நாளுக்குள் தேவை, மருந்தின் பொதுப்பெயர் என்ன. பொதுப்பெயர் தெரிந்தால் ஒசுசலவிலோ வேறு மருந்தகத்திலோ விலை குறைந்ததை வாங்க முடியும். பற்றுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

வேலையோடு வந்தவை

தனியார் துறையில் வேலை செய்தவர்களிடம் பொதுவாக மூன்று விடயங்கள் இருந்திருக்கும். ஒன்று, கம்பனி எடுத்த குழுக் காப்புறுதி. இது எல்லாக் கம்பனியிலும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. இரண்டு, ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈடிஎஃப். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தின் 3 வீதத்தை முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். உங்களிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. மூன்று, ஊழியர் சேமலாப நிதியம், அதாவது ஈபிஎஃப். உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம்.

ஈடிஎஃப் வெறும் சேமிப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணுக்கு வில்லை பொருத்துதல், வைத்தியசாலையில் தங்குதல், நிரந்தர இயலாமை, மரணம் ஆகியவற்றுக்கு அது உறுப்பினர்களுக்கு நிதியுதவி தருகிறது. இதற்காக உறுப்பினர் தனியாக எதுவும் கட்டுவதில்லை. பலர் இதை அறியாமலேயே கண் சத்திரசிகிச்சையைக் கைக்காசில் செய்து முடித்துவிடுகிறார்கள். முக்கிய நிபந்தனை நடப்பு உறுப்பினராக இருப்பது, அதாவது முதலாளி உங்கள் பெயரில் தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பது. வேலை நின்று பங்களிப்பும் நின்றால் சேமிப்பு உங்களுடையதாகவே இருக்கும். வைத்திய உதவிகளுக்கான தகுதி போய்விடும். ஆகவே கண்ணில் புரை இருக்கிறது, சத்திரசிகிச்சை செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், வேலையில் இருக்கும்போதே அதைச் செய்து விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.

ஈபிஎஃப் இலும் ஒரு வழி உண்டு. 2012 இல் செய்த சட்டத்திருத்தத்தின்படி, ஓய்வு வயதுக்கு முன்பே வீட்டுத் தேவைக்கோ வைத்தியத் தேவைக்கோ மீதியின் 30 வீதம் வரை, உச்சமாக 20 இலட்சம் ரூபாய் வரை எடுக்கலாம். குறைந்தது 10 வருடப் பங்களிப்பும் 3 இலட்சம் ரூபாய் மீதியும் இருக்க வேண்டும். கணக்கு நடப்பில் இருக்க வேண்டும். எல்லா வருத்தத்துக்கும் கிடைக்காது. பட்டியலிட்ட பெரிய நோய்களுக்கும் சத்திரசிகிச்சைகளுக்கும்தான். இதையும் வேலை விட்ட பிறகு யோசித்தால் பிந்திவிடும்.

அரச ஊழியர்களுக்கு அக்ரஹார. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் இந்தத் திட்டம் ஊழியரையும் துணையையும் பிள்ளைகளையும் உள்ளடக்குகிறது. அரச வைத்தியசாலையில் காசில்லாமல் வாட்டில் படுத்திருந்தாலும் தங்கிய இரவுகளுக்கு ஒரு தொகை கிடைக்கும். “ஆஸ்பத்திரியில செலவே இல்லையே, என்னத்துக்குக் கேட்கிறது” என்று விட்டுவிடும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் ஏராளம். அது உங்கள் சம்பளத்தில் கழித்த காசு, கேளுங்கள்.

கடைசி மாதம்

இராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து கடைசி வேலைநாள் வரை உள்ள காலம்தான் மிக முக்கியம். அந்த நாட்களில் நிர்வாகப் பிரிவுக்கு உங்களைத் தெரியும், கேட்டதைத் தருவார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் வாசலில் காவலாளியிடமே விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

முதலில் குழுக் காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடியும். சிலவற்றில் கட்டணம் கட்டிய காலம் வரை ஓடும். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். அடுத்த கேள்வி, முடிந்த பிறகு அதே காப்புறுதிக் கம்பனியில் தனிநபர் காப்புறுதியாக மாற்ற முடியுமா, மாற்றினால் ஏற்கெனவே காத்திருந்த காலத்தை (காப்புறுதி எடுத்த புதிதில் காசு கிடைக்காத காலம்) கணக்கில் எடுப்பார்களா என்பது. இதைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். வருத்தம் உள்ளவருக்கு இந்த ஒரு பதில் பல ஆயிரம் ரூபாய் பெறுமதியானது.

பிறகு, ஏற்கெனவே நடந்த சிகிச்சைக்கான விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் கடைசி நாளுக்கு முன் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு பிரதி ஒன்றை வைத்திருங்கள். விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: நோய் நிர்ணய அட்டையின் மூலப்பிரதி, மருந்துத் துண்டுகள், பற்றுச்சீட்டுகள், பரிசோதனை அறிக்கைகள். நோய் நிர்ணய அட்டை வாட்டை விட்டு வெளியேறும்போது தருவது. அன்றைக்கே படுக்கையருகில் நின்றபடி வாசியுங்கள்: பெயர், வயது, அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி, நோயின் பெயர், முத்திரை. அடையாள அட்டையில் ஒரு பெயர், நோய் நிர்ணய அட்டையில் வேறொரு பெயர் என்று வந்தால் கோரிக்கை திரும்பி வரும். நம்மவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு இடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருக்கும். ஒரே பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கும். வாட்டில் திருத்த ஐந்து நிமிடம். வீட்டுக்குப் போன பிறகு திருத்த வைத்தியசாலைப் பதிவுப் பிரிவுக்கு இரண்டு மூன்று தடவை அலைய வேண்டும்.

நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டியவை: சேவைச் சான்றிதழ், வேலை முடிந்த திகதியைச் சொல்லும் கடிதம், ஈபிஎஃப் ஈடிஎஃப் உறுப்பினர் இலக்கமும் நிறுவனத்தின் இலக்கமும், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டுகள். சம்பளச் சீட்டில் கழித்த தொகையையும் நிதியத்திலிருந்து வந்த மீதிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கழித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்கள் உண்டு. அப்படி இருந்தால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலையில் இருக்கும்போதும் கொடுக்கலாம், விட்ட பிறகும் கொடுக்கலாம்.

பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களில் பருவத்துக்கு மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப வரும் சங்கதி. பருவம் முடிந்து முதலாளி பங்களிப்பை நிறுத்தும் மாதங்களில் ஈடிஎஃப் வைத்திய உதவியைக் கேட்க முடியாது. தள்ளிப்போடக்கூடிய சத்திரசிகிச்சை ஏதும் இருந்தால் பருவ காலத்துக்குள் திகதி எடுப்பது நல்லது. முதலாளி விடுமுறை தரத் தயங்குவார். இருந்தாலும் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

விட்ட பிறகு கையில் வரும் காசு

வேலை போனவருக்கு மாதாமாதம் தரும் வேலையிழப்புக் காப்புறுதி இலங்கையில் இல்லை. கையில் வரக்கூடியவை இவைதான்.

15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதத் தொகை. 40,000 ரூபாய் சம்பளத்தில் 8 வருடம் வேலை செய்தவருக்கு 1,60,000. நீங்களாகவே இராஜினாமாச் செய்திருந்தாலும் இது கிடைக்கும். 30 நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் அலுவலகம்.

ஈடிஎஃப் சேமிப்பை வேலை விட்டதும் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்த தடவை எடுக்க 5 வருடம் காத்திருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காக அவசரப்பட்டு எடுத்துவிட்டு, இரண்டு வருடத்தில் பெரிய தொகையோடு அடுத்த வேலையை விட்டபோது எடுக்க முடியாமல் தவிக்கிறவர்கள் உண்டு. தேவை இல்லையென்றால் விட்டுவையுங்கள்.

ஈபிஎஃப் வேறு. வேலை விட்டதும் எடுக்கலாம் என்று ஊரில் சொல்வது பிழை. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது. அதற்கு முன் எடுக்கக்கூடிய காரணங்கள் சில உண்டு: திருமணத்துக்காக வேலை விடும் பெண்கள், ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்கிறவர்கள், நிரந்தரமாக வெளிநாடு போகிறவர்கள், வருத்தத்தால் இனி வேலை செய்யவே முடியாது என்று உறுதியானவர்கள். கடைசிக் காரணம் நமக்கு முக்கியம். பக்கவாதம், கடும் இருதய நோய், பார்வையிழப்பு என்று வேலை விட்டவர் வெறும் இராஜினாமாக் கடிதம் கொடுத்து வந்துவிடக்கூடாது. வேலை முடிவுக்கான காரணம் உடல் இயலாமை என்று நிறுவனத்தின் கடிதத்திலும் வைத்தியரின் அறிக்கையிலும் பதிவாக வேண்டும். “சொந்தக் காரணம்” என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் அந்த வழி அடைபடலாம்.

வேலையில் பட்ட காயம் இவற்றில் சேராது. அதற்குத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1934 இலிருந்து. அரிசி ஆலையில் விரல் போனாலும் கட்டடத்தில் இருந்து விழுந்தாலும் முதலாளி நட்டஈடு தர வேண்டும். நாட்கூலிக்காரருக்கும் இது பொருந்தும். வேலை விட்ட பின்னும் கேட்கலாம், ஆனால் விபத்து நடந்து 2 வருடத்துக்குள். அனுமதிக்கும்போது “வேலைத்தளத்தில் ஏற்பட்ட காயம்” என்று சொல்லி வாட்டுக் குறிப்பில் எழுத வையுங்கள். முதலாளியின் முகத்துக்காக “வீட்டில விழுந்த” என்று சொல்லி வழக்கை இழந்தவர்களை நினைத்தால் நெஞ்சு பதறும்.

ஓய்வூதியர்களுக்கு

அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றால் பழைய அக்ரஹார அப்படியே தொடராது. ஓய்வூதியர்களுக்கென வேறாக ஒரு அக்ரஹாரத் திட்டம், 2016 ஜனவரி 1 இற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களை வைத்துத் தொடங்கியது. நீங்கள் அதில் இருக்கிறீர்களா என்பதை அறிய எளிய வழி ஓய்வூதியச் சீட்டு. மாதாந்தக் கழிவுகளில் அக்ரஹார என்று இருந்தால் இருக்கிறீர்கள். இல்லையென்றால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேளுங்கள். கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கோரிக்கையை எப்படி அனுப்புவது, எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்பதையும் அங்கே கேட்டு விண்ணப்பப் படிவம் ஒன்றை வீட்டில் வையுங்கள். தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. புரியாத மொழிப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் முதியோர் அடையாள அட்டையையும் பிரதேச செயலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும்.

தனியாகக் காப்புறுதி எடுப்பதா

எங்கள் பகுதியில் பெரிய தனியார் வைத்தியசாலைகள் குறைவு. பெரிய சிகிச்சை எல்லாம் போதனா வைத்தியசாலையில், அல்லது கண்டி, கொழும்பில். ஆகவே தனியார் வைத்தியசாலை அறை வாடகையைப் பெரிதாகக் காட்டி விற்கும் காப்புறுதியைவிட, எந்த வைத்தியசாலையில் இருந்தாலும் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று தரும் காப்புறுதி நம்மவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பது எங்கள் கணிப்பு. ஒரு இரவுக்கு 3,000 ரூபாய் தரும் காப்புறுதி இருந்தால், 6 இரவு வாட்டில் இருந்தவருக்கு 18,000 வரும். இழந்த கூலியையும் துணைக்கு நின்றவரின் செலவையும் அது ஓரளவு தாங்கும். அரச வைத்தியசாலைக்கும் தருமா, எத்தனையாவது இரவிலிருந்து தரும், வருடத்தில் எத்தனை இரவு என்று கையொப்பம் வைக்க முன் பத்திரத்தில் தேடிப் பாருங்கள்.

காப்புறுதிக் கோரிக்கை மறுக்கப்படுவதற்குப் பெரிய காரணம் இரண்டு. முதலாவது காத்திருப்புக் காலம்: எடுத்த முதல் நாட்களில் வரும் வருத்தத்துக்கு, விபத்து தவிர, பொதுவாகக் காசு கிடையாது. சில வருத்தங்களுக்கு இது வருடக்கணக்கில் நீளும். வருத்தம் வந்த பிறகு ஓடிப்போய்க் காப்புறுதி எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. அதனால் கம்பனிக் காப்புறுதி முடிய முன்பே புதியதைத் தொடங்குங்கள். இரண்டாவது மறைத்தல். முகவர் படிவத்தை வேகமாக நிரப்பி, சீனி வருத்தம் இருக்கிறதா என்ற இடத்தில் “இல்லை” என்று போட்டுவிடுவார். கட்டணம் குறையும், உங்களுக்கும் சந்தோசமாக இருக்கும். கோரிக்கை வரும்போது கம்பனி கேட்பது கிளினிக் கொப்பியை. அதில் ஐந்து வருடமாகச் சீனி மருந்து இருக்கும். அத்தோடு கட்டிய காசும் போகும். உண்மையைச் சொல்லி, அந்த வருத்தத்தைத் தவிர்த்தோ கூடுதல் கட்டணத்திலோ எடுங்கள்.

ஒரு கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள்; மறுத்த காரணத்தைக் கடிதமாகக் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். கம்பனியின் பதில் கடிதம் இல்லாமல் நேரே போனால் திருப்பி அனுப்புவார்கள்.

முதலாளி இல்லாதவர்கள், வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள்

வயல் செய்பவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் விவசாயிகள், மீனவர் ஓய்வூதியத் திட்டங்கள் உண்டு. முறையே 1987, 1990 ஆம் ஆண்டுச் சட்டங்கள். அவற்றில் இயலாமைக்கும் மரணத்துக்கும் கொடுப்பனவு இருக்கிறது. வைத்தியசாலைச் செலவுக்கானவை அல்ல. கமநல சேவை நிலையத்திலும் கடற்றொழில் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். வறுமைக்கோட்டில் உள்ள குடும்பத்தில் சிறுநீரக நோயாளியோ மாற்றுத்திறனாளியோ இருந்தால் மாதாந்தக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். நோயை உறுதிசெய்யும் வைத்தியர் அறிக்கை தேவை.

கட்டாரிலோ சவூதியிலோ வேலை முடித்து வருகிறவர்களுக்கு அங்குள்ள காப்புறுதி வேலை ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். இங்கே அது செல்லாது. ஆனால் போகும்போது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருந்தால் அதோடு ஒரு காப்புறுதியும் சேர்ந்தே இருக்கும். அங்கே காயப்பட்டோ கடும் வருத்தத்தோடோ திரும்பியவர்கள், வந்த கையோடு பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். பணியகத்தின் தொலைபேசி 1989. அங்குள்ள வைத்தியசாலை அறிக்கை, கடவுச்சீட்டில் வந்த திகதி முத்திரை, ஒப்பந்தப் பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும். அறிக்கை அரபியில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்ற வேண்டும். முடிந்தால் அங்கிருந்தே ஆங்கிலத்தில் கேட்டு வாங்கி வாருங்கள்.

பெரிய சத்திரசிகிச்சை வந்தால்

இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று இலட்சக்கணக்கில் செலவு சொல்லும்போது வைத்தியச் செலவுக்கு உதவி தரும் ஜனாதிபதி நிதியத்தை நினைவில் வையுங்கள். முன்பு இதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி 7 முதல் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். மண்முனை வடக்கில் இருப்பவருக்கும் ஆலையடிவேம்பில் இருப்பவருக்கும் இது பெரிய ஆறுதல்.

இங்கே பிழைப்பது பெரும்பாலும் ஒழுங்கில். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவுடன், முடிந்த பிறகு அல்ல, பிரதேச செயலகத்துக்குப் போங்கள். விண்ணப்பப் படிவத்தில் விசேட வைத்திய நிபுணர் நிரப்ப வேண்டிய பகுதி இருக்கும். அதை அடுத்த கிளினிக் நாளிலேயே கொடுத்து நிரப்பி எடுங்கள். செலவு மதிப்பீடு வைத்தியசாலையின் கடிதத்தாளில், முத்திரையோடு வேண்டும். வருமானத்தையும் வதிவிடத்தையும் கிராம உத்தியோகத்தர் உறுதிசெய்ய வேண்டும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள் எது என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பனிக் காப்புறுதியோ ஈடிஎஃப் உதவியோ ஏற்கெனவே கிடைத்திருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். ஒரே பற்றுச்சீட்டின் மூலப்பிரதியை இரண்டு இடம் கேட்கும் நிலை வரும். அதனால் எதையும் கொடுக்க முன் இரண்டு போட்டோகொப்பி எடுத்து, மூலப்பிரதி எந்த அலுவலகத்தில், எந்தத் திகதியில் கொடுத்தது என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.